யோசிச்சுச் சொல்றேன் என்பவரிடம் என்ன பேசுவது?

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில், அதாவது ஒரு கம்பெனியின் பொருளை விற்றுக்கொண்டே நமக்குக் கீழே ஆட்களையும் சேர்த்து அவர்கள் விற்பனையிலும் கமிஷன் வாங்கும் தொழிலில், சேரும் யாருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு தாள் வந்துவிடும். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வருகிறது. இடது பக்கம் ஆட்கள் சொல்லும் மறுப்புகள், வலது பக்கம் அதற்கு நாம் சொல்ல வேண்டிய பதில்கள். ‘டைம் இல்லை’ என்றால் இதைச் சொல், ‘காசு இல்லை’ என்றால் அதைச் சொல், ‘வீட்ல கேட்கணும்’ என்றால் இப்படி மடக்கு. மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் பேசிப் பார்த்து, அப்லைனிடம் (நம்மைச் சேர்த்துவிட்டவர்) ஒப்பித்துக் காட்ட வேண்டும்.

நான் மதுரையில் பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம், சோப்பு, புரோட்டீன் பவுடர் என்று நேரடி விற்பனை செய்கிறேன். எனக்குக் கீழே சின்னதாக ஒரு டீம் இருக்கிறது. புதிதாக வரும் பெண்களுக்கு அந்தத் தாளை நான் கொடுப்பதில்லை. “அப்ப ஆளுங்க கேள்வி கேட்டா என்னக்கா சொல்றது?” என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். எதிரில் இருப்பவர் மறுப்பாகச் சொல்வது, பெரும்பாலும் அவர் தன் பணத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வி. பதில் தெரிந்தால் சொல்லுங்கள், கணக்கையும் காகிதத்தையும் காட்டுங்கள். உண்மையான பதில் அவரைச் சேர விடாது என்றாலும் அந்தப் பதிலையே சொல்லுங்கள். பேச்சில் ஜெயித்து ஒருவரைச் சேர்த்துவிடலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி அவருடனே உள்ளே வரும். இரண்டாவது மாதம் பொருள் வாங்கும் நேரத்தில் மறுபடி எழும். அப்போது உங்கள் போனை எடுக்க மாட்டார், எதிர்த் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பயிற்சிகளில் அதிகம் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு. மூன்று படிகள். “நீங்க சொல்றது எனக்குப் புரியுது”, “நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்”, “உள்ள வந்தப்புறம்தான் உண்மை தெரிஞ்சது”. உலகம் முழுக்க விற்பனைக்காரர்கள் பயன்படுத்துவதுதான். கேட்க இதமாக இருக்கும். ஆனால் கவனியுங்கள், மூன்று வாக்கியத்திலும் கேட்ட கேள்விக்குப் பதில் கிடையாது. ‘இதில் போட்ட காசு திரும்பி வருமா?’ என்று ஒருவர் கேட்கிறார். நாம் நம் மனநிலை மாறிய கதையைச் சொல்கிறோம்.

இதைவிட மோசம், கேள்வி கேட்பவரை ‘நெகட்டிவ்’ என்று ஒதுக்குவது. நம் ஊர்க்காரர்கள் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. 1990-களின் கடைசியில் தேக்கு மரத் திட்டத்தில் பணம் போட்டு இழந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டம். 2022-இல் மாதம் 30 சதவீதம் வரை வட்டி என்ற ஆருத்ரா நிதி நிறுவனம். 2023-இல் எங்கள் மதுரையிலேயே நியோமேக்ஸ் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் மீது முதலீட்டாளர்கள் புகார் கொடுத்து, பொருளாதாரக் குற்றப்பிரிவில் வழக்கானது. இவையெல்லாம் நெட்வொர்க் மார்க்கெட்டிங் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் இவற்றில் பலவற்றுக்கும் ஆள் பிடித்தவர்கள் யார்? சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டே, “நம்பி வாங்க” என்றவர்கள். நாமும் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுகிறோம். அவர் நம்மைச் சந்தேகப்படாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

இனி ஒவ்வொரு கேள்வியாகப் பார்க்கலாம். கனமானதில் தொடங்குகிறேன்.

“இது சங்கிலித் தொடர் வியாபாரம்தானே? கடைசில சேர்றவன் ஏமாந்துதானே போவான்?”

தாளில் இதற்கு உள்ள பதில்: “எந்த ஆபீஸை எடுத்தாலும் மேலே ஒரு எம்.டி., நடுவில் மேனேஜர்கள், கீழே நிறைய ஊழியர்கள். அதுவும் பிரமிடுதானே?” தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அலுவலகத்தில் கடைசிப் படியில் இருப்பவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அங்கே உட்கார அவர் மேலே இருப்பவருக்குப் பணம் கட்டுவதில்லை. படம் ஒன்றுபோலத் தெரியலாம், பணம் போகும் திசை வேறு.

சரியான பதிலுக்குக் கொஞ்சம் சட்டம் தெரிய வேண்டும். பரிசுச் சீட்டுகள் மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம் 1978-இலேயே வந்துவிட்டது. 2021 டிசம்பர் 28 அன்று நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் அறிவிக்கப்பட்டன. ஆள் சேர்ப்பதற்காகப் பலன் கொடுப்பதை அந்த விதிகள் தடை செய்கின்றன. நுழைவுக் கட்டணமும் புதுப்பிப்புக் கட்டணமும் வாங்கக் கூடாது. விற்பனை விளக்கக் கருவிகளைக் கட்டாயமாகத் தலையில் கட்டக் கூடாது. பிரமிடு திட்டத்தையும் பணச்சுழற்சியையும் நேரடி விற்பனை என்ற பெயரில் நடத்தக் கூடாது. ஆக, வேலி எங்கே இருக்கிறது என்றால், பணம் எங்கிருந்து வருகிறது என்பதில். பொருளைப் பயன்படுத்துகிறவர் கொடுத்த பணமா, புதிதாகச் சேர்ந்தவர் கொடுத்த பணமா?

இது நம் நாட்டுக் கேள்வி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1979-இல் ஆம்வே என்ற நேரடி விற்பனை நிறுவனத்தின் வழக்கில் அந்நாட்டு வணிக ஆணையம் இதையேதான் பார்த்தது. விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பது, வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது விற்றிருக்க வேண்டும் என்பது, மாதம் பத்துப் பேருக்காவது சில்லறையில் விற்றிருக்க வேண்டும் என்பது என்று கம்பெனியில் இருந்த விதிகளையும், ஆள் சேர்ப்புக்கு மட்டும் பணம் தராததையும் கணக்கில் எடுத்து, அது பிரமிடு இல்லை என்றது. இதை எல்லாப் பயிற்சியிலும் பெருமையாகச் சொல்கிறார்கள். வருமானத்தைப் பெரிதுபடுத்திச் சொல்லக் கூடாது என்று அதே உத்தரவில் கண்டித்ததை யாரும் சொல்வதில்லை. 2016-இல் ஹெர்பாலைஃப் என்ற இன்னொரு நேரடி விற்பனை நிறுவனம் அதே ஆணையத்துடன் செய்துகொண்ட சமரசத்தில் 20 கோடி டாலர் கொடுத்தது. உண்மையான சில்லறை விற்பனையை ஒட்டிப் பலன் தரும்படி அங்கே தன் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் வரும். “திண்டுக்கல்ல ஃபேக்டரியவே முடக்கிட்டாங்களாமேக்கா?” நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும். 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நிலமும் ஆலையும் அதில் அடக்கம். பொருட்களின் விலை மிக அதிகம் என்பதும், உறுப்பினர் சேர்ப்பதே நோக்கமாக இருக்கிறது என்பதும் அமலாக்கத்துறை சொன்ன காரணங்கள். 2011-இல் தொடங்கிய விசாரணை இது, ஒத்துழைத்து வருகிறோம் என்றது கம்பெனி. இதற்கு மேல் வக்காலத்து வாங்குவதும் நம் வேலை இல்லை, தூற்றுவதும் இல்லை. கேட்டவருக்குச் செய்தி முழுதாகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

அப்புறம் கணக்கு. ‘நீங்க ஆறு பேர், அவங்க ஒவ்வொருத்தரும் ஆறு பேர்’ என்று வெள்ளைப் பலகையில் வட்டம் போடுவார்கள். நான்காவது வரிசையோடு பேனாவை மூடிவிடுவார்கள். நான் மூடச் சொல்வதில்லை. பத்தாவது வரிசை வரை போய்க் கூட்டிப் பாருங்கள். உங்களையும் சேர்த்து 7,25,59,411 பேர் வரும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7,21,47,030. பிறந்த குழந்தை வரை எல்லோரும் சேர்ந்தாலும் ஆள் பத்தாது. அதைவிட முக்கியமானது, அந்தக் கூட்டத்தில் ஆறில் ஐந்து பங்குப் பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். கீழே யாரும் இல்லாதவர்கள். வளர்ச்சி எந்த வரிசையில் நின்றாலும் இந்தப் பங்கு மாறாது.

எனவே ‘கடைசியில் சேருபவர் என்ன ஆவார்?’ என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: “கீழ யாருமே சேரலைன்னாலும், பொருளை வித்து வர்ற லாபம் உங்களுக்குப் போதும்னு தோணுச்சுன்னா மட்டும் சேருங்க.” கூடவே என் பில் புத்தகத்தைக் காட்டுவேன். ஐடி (கம்பெனியில் சேர்ந்தவருக்குத் தரும் உறுப்பினர் எண்) இல்லாத, வெறும் வாடிக்கையாளராக என்னிடம் மாதாமாதம் வாங்குபவர்கள் அதில் இருக்கிறார்கள். வேறு யாராவது உங்களைச் சேர்க்க வந்தாலும் இதைக் கேளுங்கள்: உங்களிடம் வாங்குபவர்களில் ஐடி இல்லாதவர்கள் எத்தனை பேர்? பதிலே வராத இடங்கள் நிறைய.

“கையில காசு இல்லக்கா.”

என்னை அதிகம் வருத்துவது இந்த மறுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும் பதில்கள்தான். ‘போன் ரீசார்ஜுக்கு இருக்குல்ல?’ என்பதில் ஆரம்பித்து, ‘காது தோட்டை வச்சுட்டு ஆரம்பிங்க, மூணு மாசத்துல மீட்டுரலாம்’ வரை போகிறது. மகளிர் குழுக் கடன் எடுத்துச் சேரச் சொல்கிறார்கள். குழுக் கடனுக்கு வாரமோ மாதமோ தவணை தேதி தவறாமல் வந்து நிற்கும். கமிஷன் அப்படி வராது. ஒரு பெண் தவணை கட்டவில்லை என்றால் குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் அவள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். அந்த அவமானத்தில் நமக்கும் பங்கு உண்டு.

‘ரெண்டே ரெண்டு பேரைச் சேர்த்துவிடுங்க, போட்ட காசு வந்துரும்’ என்பது இன்னொரு பதில். மற்றவர்களைக் கொண்டுவந்தால் விலையைக் குறைத்துக்கொள்ளலாம் அல்லது மீட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி வாங்க வைப்பதை 2021 விதிகள் தடுக்கின்றன. சட்டம் இருக்கட்டும், யோசித்துப் பாருங்கள். காசு இல்லை என்றவரிடம், உன்னைப் போலக் காசு இல்லாத இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வா என்கிறோம்.

காசு இல்லை என்றால், “சரிம்மா, இப்ப வேண்டாம்” என்று எழுந்து வந்துவிடுங்கள். அவருக்குப் பொருள் மேல் ஆசை என்றால் ஒரு பாட்டில் வாங்கிப் பயன்படுத்தட்டும். அதற்கு ஐடி தேவையில்லை.

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்.”

பெண்களிடம் இதற்கு, ‘சேலை எடுக்கவும் அவரைக் கேட்டா எடுக்கிறீங்க?’ என்று குத்தச் சொல்கிறார்கள். ஆண்களிடம், ‘பொண்டாட்டி சொன்னாத்தான் செய்வீங்களா?’ ரோஷத்தைக் கிளப்பிக் கையெழுத்து வாங்குவது. அதன் பிறகு அந்த வீட்டில் நடக்கும் சண்டைக்கு யார் போய் நிற்பது? ஒரு குடும்பத்தின் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து யோசிப்பது நல்ல பழக்கம். அதை உடைத்து வியாபாரம் பண்ண வேண்டியதில்லை.

நான், “அண்ணன் வீட்ல இருக்கிற நேரம் சொல்லும்மா, அப்ப வர்றேன்” என்பேன். ஒருமுறை வில்லாபுரத்தில் அப்படிப் போனேன். அந்தப் பெண்ணின் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் சொன்னதையெல்லாம் பேசாமல் கேட்டுவிட்டு, “ஐநூறு ரூவா பொருளுக்கு நமக்கு எவ்வளவு மிச்சம்?” என்றார். “நூறு ரூவா” என்றேன். “அப்ப மாசம் அஞ்சாயிரம் நிக்கணும்னா இருபத்தஞ்சாயிரத்துக்கு விக்கணும். எங்க தெருவுல அவ்வளவு பேர் வாங்குவாங்களாக்கா?” எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. “அவ்வளவு போகாது தம்பி, முதல் வருஷம் ஆயிரம் ரெண்டாயிரம் நின்னாலே பெருசு” என்றேன். அவர்கள் சேரவில்லை. அவர் மனைவி இன்றும் என்னிடம் பாத்திரத் திரவம் வாங்குகிறார். தெருவில் இன்னும் சில வீடுகளை அவரே காட்டிவிட்டார்.

“நீங்க எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?”

இதற்குப் பழக்கமாகிவிட்ட பதில், அப்லைனின் கார் படம், மேடையில் பெரிய அட்டையில் அச்சடித்த செக், வெளிநாட்டுப் பயணப் படம். ‘என்னுதை விடுங்க, எங்க டைமண்ட் எவ்வளவு வாங்குறாருன்னு பாருங்க’ என்று பேச்சை நகர்த்துவார்கள். டைமண்ட் என்பது மேல்படியில் இருப்பவருக்கு வைத்த பட்டம். கேட்டவர் அந்த டைமண்டைக் கேட்கவில்லை, எதிரில் உட்கார்ந்திருக்கும் உங்களைக் கேட்டார்.

நேர்மையாகக் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கிறது. கமிஷனில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்தால், அது வருமான வரித்துறையில் நம் பெயரில் உள்ள வரிப் பதிவில் (26ஏஎஸ் என்று பழகிய பெயர்) ஏறும். ஆண்டு முழுக்கக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பது அதில் வந்துவிடும், அட்டை செக்கைப் போல ஊதிக் காட்ட முடியாது. நான் அதைக் காட்டுவேன். காட்டிவிட்டு, அதிலிருந்து கழிக்க வேண்டியதையும் சொல்வேன்: பெட்ரோல், மீட்டிங் டிக்கெட், சாம்பிள் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மாத பிவி (பொருள் வாங்கினால் சேரும் புள்ளி) எட்ட வேண்டுமே என்று தேவையில்லாமல் நாமே வாங்கி அலமாரியில் அடுக்கும் பொருள். இந்தக் கடைசிச் செலவை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதினால் பாதிப் பேரின் கமிஷன் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

காட்டத் தயங்கும் அளவுக்குத்தான் உங்கள் வருமானம் இருக்கிறது என்றால், அதைச் சொல்லியே பேசலாம். ‘ஆறு மாசமா செய்றேன், இதுவரைக்கும் செலவுக்கும் வரவுக்கும் சரியாப் போச்சு, பொருள் பிடிச்சிருக்கிறதால தொடர்றேன்’ என்று ஒரு பெண் சொன்னால், அவளிடம் பொருள் வாங்க எனக்குத் தயக்கம் இருக்காது.

“விலை ரொம்ப அதிகமா இருக்கே.”

சில பொருட்களுக்கு இது தவறான எண்ணம், சிலவற்றுக்கு முழு உண்மை. அடர்த்தியான திரவத்தை எவ்வளவு தண்ணீரில் கலக்கலாம், ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும் என்பதைப் பேசிப் புரியவைக்க முடியாது. அவர் சமையலறையிலேயே ஒரு மாதம் ஓடட்டும், தேதியை பாட்டிலில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். புரோட்டீன் பவுடர் என்றால் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று கடையில் இருக்கும் மற்ற டப்பாவுடன் சேர்த்துப் பாருங்கள். முட்டையும் பயறும் அதே புரதத்தை எவ்வளவு ரூபாய்க்குத் தருகின்றன என்பதையும் சொல்லுங்கள். இதையெல்லாம் பார்த்த பிறகும் வாங்குபவர் நிலையான வாடிக்கையாளர். விலையை நியாயப்படுத்த ‘சுகர் இறங்கும், மூட்டு வலி போகும்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்ல உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. சட்டத்தை விடுங்கள், உங்கள் பேச்சை நம்பி ஒரு அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டால் அதை எப்படித் திருப்பி எடுப்பீர்கள்?

டைம் இல்லை என்பவரிடம் ‘எல்லாருக்கும் 24 மணி நேரம்தான்’ என்று பாடம் எடுக்க வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளை அனுப்பி, ஜவுளிக்கடையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டு வருபவருக்கு உண்மையிலேயே நேரம் இல்லை. எனக்குப் பேச வராது என்பவருக்கு, விற்றுப் பார்க்க இரண்டு பொருளைக் கொடுங்கள். பிடித்தால் அவரே வருவார்.

“சொந்தக்காரங்ககிட்டப் போய் இதைக் கேட்க எனக்குக் கூச்சமா இருக்கு” என்பதை மட்டும் மதியுங்கள். நூறு பேர் பட்டியல் எழுதச் சொல்லும்போது முதலில் வருவது சித்தி, பெரியப்பா மகன், மதினி, பிள்ளையின் டியூஷன் டீச்சர். நம் ஊரில் உறவுக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. “பாக்கலாம்” என்பார்கள். அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும், பயிற்சி வகுப்பில் மட்டும் அதை ‘ஃபாலோ-அப் செய்ய வேண்டியவர்’ என்று குறித்துவைக்கிறார்கள். பிறகு அவர் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் நம்மைக் கண்டு ஒதுங்குகிறார். என் டீமில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: உறவில் யாரையும் சேரச் சொல்லி நாமாகக் கேட்பதில்லை. பொருள் வாங்கி, சில மாதம் பயன்படுத்தி, அவர்களே கேட்டால் பேசுவோம். டீம் மெதுவாகத்தான் வளர்கிறது. மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டுவதில்லை. வளர்ந்தவரைக்கும் நிற்கிறது.

மறுப்பு சேர்வதற்கு முன்னால் மட்டும் வருவதில்லை. சேர்ந்து சில நாள் கழித்து, “இது எனக்குச் சரிப்பட்டு வராதுக்கா” என்று வரும் மறுப்புக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது, ‘விட்டுக்கொடுப்பவன் ஜெயிப்பதில்லை’ மாதிரி வசனங்கள்தான் இருக்கும். ஆனால் 2021 விதிகளின்படி, சேர்ந்தவர் அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்ய நியாயமான கால அவகாசமும், வாங்கிய பொருளுக்குப் பணம் திரும்பப் பெறும் வழியும் இருக்க வேண்டும். அது எத்தனை நாள் என்பது உங்கள் கம்பெனியின் ஒப்பந்தத்தில் இருக்கும். சேர்க்கும் அன்றே அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டி, கடைசித் தேதியை அவர் கையாலேயே காலண்டரில் எழுதச் சொல்கிறேன். வெளியே போகும் வழி தெரிந்து உள்ளே வருபவர் பயமில்லாமல் வேலை பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் போகிறேன் என்றால், உடன் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பில், ஒப்பந்த நகல், திறக்காத பாக்கெட்டுகள் மூன்றையும் ஒரே பையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அனுப்பிய ரசீதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த எண்ணுக்கு அவர் அழைக்கும்போது பக்கத்தில் அப்லைனான நீங்களும் இருங்கள், அவருக்குத் தெரியாத விவரம் ஏதாவது கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.